புதுக் கண்ணாடி போட்டால் தரை ஏன் சாய்கிறது, எத்தனை நாளில் நேராகும்?

கேட்டவர் 33 வயதுத் தம்பி. ஊர் அறந்தாங்கிப் பக்கம், வேலை சிங்கப்பூரில் துவாஸ் பகுதியில் ஒரு கிடங்கில். பள்ளியில் கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதியவர், அப்படியே 33 வயதுவரை வந்துவிட்டார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் தமிழர்கள் கூடும் தேக்கா கடைவீதிக்கு அழைத்துப்போய்க் கண்ணைப் பரிசோதிக்க வைத்தார்கள். இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.50, அதாவது கிட்டப்பார்வை. கூடவே சிலிண்டர் மைனஸ் 1.50, அதாவது ஒரு திசையில் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் பவர். கண்ணாடி கைக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. தரை சாய்கிறது, விடுதியில் படி இறங்கும்போது கால் வைக்கும் இடத்தில் படி இல்லை, சாயங்காலமானால் புருவத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கிற வலி. "தினமும் அரை மணி நேரம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாமா? குறைந்த பவரில் ஒன்று வாங்கி ஆரம்பிக்கலாமா? கழற்றினால் முன்பைவிட மோசமாகத் தெரிகிறதே, பவர் ஏறிவிட்டதா?" என்று கேட்கிறார்.

தம்பி, 19 ஆண்டாகச் சிங்கப்பூரில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். உங்களைப் போல வளர்ந்த பிறகு முதல் கண்ணாடி போடுகிறவர்கள் எங்கள் கடைக்கு வாராவாரம் வருகிறார்கள். அவர்களில் பலர் அந்த முதல் வாரத்திலேயே கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவது சரிதான். ஆனால் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டாதீர்கள், கண்ணாடியோடு செய்கிற வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஏன் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

உங்கள் பவர் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இங்கே சிங்கப்பூரில் "350 டிகிரி" என்பார்கள், நம் ஊரில் "மைனஸ் மூன்றரை" என்போம். இரண்டும் ஒன்றுதான், நூறால் பெருக்கினால் போதும். மைனஸ் 3.50 உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் தூரம் வரைதான் தெளிவு. கைப்பேசி, சாப்பாட்டுத் தட்டு, கையிலிருக்கும் லேபிள், அவ்வளவுதான் உங்கள் தெளிவான உலகம். அதற்கு அப்பால் இருப்பவர்களை நடையை வைத்தும் குரலை வைத்தும் சட்டை நிறத்தை வைத்தும் அடையாளம் கண்டுகொண்டிருப்பீர்கள். பேருந்து எண்ணைப் படிக்க முடியாததால், கூட வருகிறவர் கை நீட்டும்வரை காத்திருந்திருப்பீர்கள். இத்தனை ஆண்டுகளாக உங்கள் மூளை இந்த மங்கலை வைத்துக்கொண்டு திறமையாகக் குடும்பம் நடத்தியிருக்கிறது. இப்போது ஒரே நாளில் கணக்கு முழுவதையும் மாற்றச் சொல்கிறோம்.

என்ன கணக்கு? மைனஸ் லென்ஸ் எல்லாவற்றையும் சற்றுச் சிறிதாக்கிக் காட்டும். கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் மைனஸ் 3.50 லென்ஸ் ஏறக்குறைய 4 விழுக்காடு சிறிதாக்குகிறது. உங்களுக்குச் சிலிண்டரும் சேர்ந்திருப்பதால் ஒரு திசையில் பவர் 3.50, அதற்குக் குறுக்கான திசையில் 5.00. அதாவது ஒரு பக்கம் 4 விழுக்காடும் மறுபக்கம் 6 விழுக்காடும் சுருங்குகிறது. தரையிலிருக்கும் சதுர ஓடு அந்தக் கண்ணாடி வழியாகச் சரியான சதுரமாக இராது. சிலிண்டரின் அச்சு, அதாவது அது நிற்கும் திசை, நேராக 90, 180 பாகை என்று இருந்தால் சதுரம் லேசாகத் தட்டையாகும், பலர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அச்சு 45 அல்லது 135 பக்கம் சாய்வாக இருந்தால் சதுரம் கோணலாகும். வலக்கண் ஒரு பக்கமும் இடக்கண் எதிர்ப்பக்கமும் கோணலாகக் காட்டும்போது, மூளை அந்த இரண்டையும் சேர்த்துத் தரையே சாய்கிறது என்று முடிவுகட்டிவிடும். உங்கள் சீட்டில் பவருக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கும், அதுதான் அச்சு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது சாய்வாகத்தான் இருக்க வேண்டும்.

படிக்கட்டுக்குக் காரணம் வேறு. லென்ஸின் நடு வழியாகப் பார்த்தால் பொருள் அதனதன் இடத்தில் தெரியும், ஓரம் வழியாகப் பார்த்தால் இடம் மாறித் தெரியும். நீங்கள் தலையை நிமிர்த்தியபடி கண்ணை மட்டும் தாழ்த்தி, லென்ஸின் நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே உள்ள இடம் வழியாகப் படியைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்றரை மீட்டர் தூரத்திலுள்ள படி ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் மேலே தள்ளித் தெரியும். கால் அதை நம்பி இறங்கும், அங்கே படி இருக்காது. இதற்கு மருந்து எளிது. படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையையே குனிந்து, லென்ஸின் நடு வழியாகப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயில் நிலைய மின்படிக்கட்டில் ஏறும்போதும் அப்படியே, முதல் வாரத்தில் மின்தூக்கி இருந்தால் அதில் போங்கள்.

புதுக் கண்ணாடியில் பலருக்கு வரும் தலைசுற்றலுக்கு வருவோம். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு சொல்லைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். எழுத்து கலையாது. இப்போது தலையை அசைக்காமல் கைப்பேசியை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலைந்துவிடும். முதல் முறை கலையாததற்குக் காரணம், தலை எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடனே கண் தசைக்குச் சொல்கிறது, கண் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. யோசிக்கவே நேரமில்லாத வேகத்தில் இது நடக்கிறது. மைனஸ் கண்ணாடி போட்டதும் உலகம் 4 விழுக்காடு சுருங்கிவிட்டதால், கண் பழைய அளவுக்குத் திரும்பினால் அது மிகை. அதனால் ஒவ்வொரு முறை தலை திரும்பும்போதும் காட்சி லேசாக நீந்துகிறது. காது ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. கப்பலில் வாந்தி வருவதும் இதே சண்டையால்தான்.

இந்த அளவைத் திருத்தி எழுதுவது சிறுமூளையின் வேலை. அது செய்துவிடும், சந்தேகமே வேண்டாம். 1890களில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை ஒரு கண்ணில் மாட்டி, மறுகண்ணை மூடிக்கொண்டு எட்டு நாள் வாழ்ந்து பார்த்தார். முதலில் குமட்டல், எதையும் சரியாக எடுக்க முடியவில்லை. நாள் போகப் போக நடமாட முடிந்தது, கை கால் சொன்னபடி கேட்டது. எட்டு நாள் கழித்துக் கழற்றியபோது சாதாரண உலகமே சில மணி நேரத்துக்கு அவருக்கு விசித்திரமாக இருந்தது. தலைகீழ் உலகத்துக்கே அவ்வளவு பழகும் மூளைக்கு உங்கள் 4 விழுக்காடு பெரிய காரியமல்ல.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மூளை தவறு நடக்கும்போதுதான் திருத்திக் கற்கும். கண்ணாடி போட்டபடி தலை அசைய வேண்டும், நடக்க வேண்டும், கை நீட்டிப் பொருளை எடுக்க வேண்டும். அரை மணி போட்டுவிட்டு மீதி நாளெல்லாம் கழற்றி வைத்தால், அந்த அரை மணியில் கற்றதைப் பழைய உலகம் வந்து அழித்துவிடும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். அரை மணிக் கணக்கு வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

என் அப்பாவுக்கு இதுதான் நடந்தது. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், ஐம்பதை நெருங்கும்போதுதான் முதல் கண்ணாடி வாங்கினார். இரவுச் செய்தி பார்க்க மட்டும் போடுவார். போட்டதும் சுற்றுகிறது என்பார், செய்தி முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். ஒரு வருடம் தினமும் அந்த முதல் நாளையே திரும்பத் திரும்ப அனுபவித்தார். கடைசியில் "கண்ணாடி எனக்கு ஒத்துவராது" என்று விட்டுவிட்டார். அப்போது எனக்கு விவரம் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் அத்தனை ஆண்டு பேரப்பிள்ளைகளின் முகத்தைக் கிட்ட இழுத்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் அடுத்த ஓய்வு நாளில் காலை எழுந்ததும் கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். தூக்கம் கலைந்து, மங்கலுக்குக் கண் மறுபடி பழகுவதற்குள் போடுவது நல்லது. முதலில் கட்டிலில் உட்கார்ந்தபடி எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரத்தையோ நாட்காட்டியையோ பார்த்துக்கொண்டு தலையை மெதுவாக இடம் வலமாக, பிறகு மேல் கீழாக, ஒரு நிமிடம் ஆட்டுங்கள். லேசாகக் கிறுகிறுப்பு வரும், வரட்டும், மூளை கற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குமட்டும் அளவுக்குப் போனால் கண்ணை மூடிக் கொஞ்சம் உட்காருங்கள், கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். பிறகு விடுதி வளாகத்துக்குள் சமதரையில் நடங்கள். பழகிய இடமாக இருந்தால் நல்லது, ஏனென்றால் தரை சமம் என்று கால் முன்பே அறிந்திருக்கும், கண்ணைத் திருத்த அது உதவும். யாராவது கூட வந்தால் ஒரு பந்தை வீசிப் பிடித்து விளையாடுங்கள். சிரிக்காதீர்கள், தூரத்தைக் கை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி இல்லை. அப்புறம் கைப்பிடி உள்ள படிக்கட்டு, அப்புறம் சாலை கடப்பது, தேக்கா மாதிரிக் கூட்டமான இடம் கடைசியாக. இந்த வரிசை சிலருக்கு இரண்டே நாளில் முடியும், சிலருக்குப் பத்து நாள் பிடிக்கும்.

வேலையைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கிடங்கில் ஏணி ஏறுவீர்களா என்று எழுதவில்லை. ஏறுவீர்கள் என்றால், படிக்கட்டில் யோசிக்காமல் இறங்க முடிகிறவரை ஏணி வேண்டாம், போர்க்லிப்ட் வண்டியும் வேண்டாம். மேற்பார்வையாளரிடம் "புதுக் கண்ணாடி, ஒரு வாரம் கீழே வேலை கொடுங்கள்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதற்காகப் பழையபடி கண்ணாடியில்லாமல் ஏறலாம் என்றும் நினைக்காதீர்கள். 350 டிகிரி மங்கலில் இத்தனை நாள் ஏறியதே ஆபத்து, உங்களுக்கு அது தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

புருவ வலிக்குக் காரணம் தூரத்தைப் பார்ப்பது அல்ல, கைப்பேசியைப் பார்ப்பது. இதுவரை 28 சென்டிமீட்டரில் கைப்பேசியைப் பார்க்க உங்கள் கண்ணுக்குள் இருக்கும் குவியத் தசை வேலையே செய்ததில்லை, அந்தத் தூரம் தானாகவே தெளிவாக இருந்தது. கண்ணாடி போட்ட பிறகு அதே தூரத்தைப் பார்க்க அந்தத் தசை மூன்றரை பவர் அளவுக்கு உழைக்க வேண்டியிருக்கிறது. 33 வயதில் அதற்கு வலு இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. உடற்பயிற்சி செய்யாதவர் முதல் நாள் மூட்டை தூக்கியது போல வலிக்கிறது. முதல் இரண்டு வாரம் கைப்பேசியைச் சற்றுத் தள்ளி 40 சென்டிமீட்டரில் பிடியுங்கள், அவ்வப்போது தலையைத் தூக்கித் தூரத்தைப் பாருங்கள். இரவு படுக்கையில் ஊருக்குப் பேசும்போது மட்டும் கழற்றிக்கொள்ளலாம், அந்தச் சலுகை தருகிறேன். உங்கள் மாமா, சித்தப்பா யாராவது நாற்பது தாண்டி முதல் கண்ணாடி போட்டால் அவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவருக்கு வெள்ளெழுத்தும், அதாவது வயதால் கிட்டத்து எழுத்து மங்குவதும், சேர்ந்துகொள்ளும், அது வேறு கதை.

"கழற்றினால் முன்பைவிட மோசம்" என்கிறீர்களே, அதைக் கேட்காதவர்களே இல்லை. பவர் ஏறவில்லை. மங்கலான படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மூளை அதையே இயல்பு என்று எடுத்துக்கொண்டு தன்னால் முடிந்தவரை கூர்மையாக்கிக் காட்டும். ஆய்வுக்கூடச் சோதனைகளில், மங்கல் படத்தைச் சில நிமிடம் பார்த்தவர்களுக்கு அதன்பிறகு காட்டிய சாதாரணப் படம் அளவுக்கு மீறிக் கூர்மையாகத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் முதல் நாள் எல்லாம் வெட்டி வைத்தாற்போலக் கண்ணைக் குத்தியிருக்கும். இப்போது மூளை தெளிவை இயல்பாக எடுக்கத் தொடங்கிவிட்டது, அதனால் பழைய மங்கல் அதன் உண்மையான அளவில் தெரிகிறது. முன்பும் அவ்வளவு மங்கல்தான் இருந்தது.

குறைந்த பவர் பற்றி. இரண்டு கண்ணாடிக்கு இரண்டு முறை பழக வேண்டியிருக்கும், இரண்டு முறை காசும் போகும், அதனால் மைனஸ் பவரைக் குறைக்க நான் சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்குக் குறைத்துக் கொடுத்தால் பவர் ஏறாது என்று இன்னும் பல பெற்றோர் நம்புகிறார்கள். பக்கத்து மலேசியாவில் 94 பிள்ளைகளை வைத்து இரண்டு ஆண்டு பார்த்து 2002இல் வெளியான ஆய்வில், குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது. சிலிண்டர் விஷயம் மட்டும் வேறு. பெரியவர்களுக்கு முதல் முறையாகச் சாய்ந்த அச்சில் சிலிண்டர் கொடுக்கும்போது, நாங்களே சில சமயம் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துச் சில மாதம் கழித்து முழுதாக்குவோம். அது பரிசோதிப்பவர் உங்களை நடக்க வைத்துப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு, நீங்களாகக் கேட்டு வாங்குவதல்ல.

பழக்கத்தின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிடவும் கூடாது. புதுச் செருப்பு கடித்தால் சில நாளில் சரியாகும், ஆனால் அளவே தவறாக இருந்தால் எத்தனை நாள் போட்டாலும் கடிக்கும். கண்ணாடியும் அப்படித்தான். கண்ணாடியின் சட்டம் (பிரேம்) ஒரு பக்கம் தொங்குகிறதா என்று முகக்கண்ணாடியில் பாருங்கள். சிலிண்டர் உள்ளவருக்கு இது முக்கியம். லென்ஸின் அச்சு 10 பாகை திரும்பினாலே சிலிண்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை மிஞ்சிவிடும். நம் ஊர் வெயிலைவிட இங்கே புழுக்கம் அதிகம், வியர்வையில் சட்டம் மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். கடையில் காதுப்பக்கத்தை வளைத்துச் சரிசெய்து தருவார்கள், ஐந்து நிமிட வேலை, பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். குழல்விளக்கின் ஓரத்தில் நீலம், மஞ்சள் என்று நிறக்கீற்று தெரிந்தால் பயப்படாதீர்கள், சில மெல்லிய, உடையாத லென்ஸ்களின் இயல்பு அது. கண்ணாடியை வெயிலில் நிற்கும் லாரிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மேல்பூச்சு வெடித்துவிடும்.

இரண்டு வாரம் நாள் முழுக்கப் போட்ட பிறகும் தரை சாய்ந்தே இருந்தால், அல்லது ஒரு கண்ணை மூடினால் தெளிவாகவும் இரண்டையும் திறந்தால் இரண்டிரண்டாகவும் தெரிந்தால், காத்திருக்காமல் வாங்கிய இடத்துக்கே போங்கள். "பழகிவிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று விஷயத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்: லென்ஸைக் கருவியில் வைத்துப் பவரும் அச்சும் சீட்டில் உள்ளபடி இருக்கிறதா, லென்ஸின் நடு உங்கள் கண்மணிக்கு நேராக இருக்கிறதா, கண்ணையே மறுபடி பார்த்தால் அதே பவர் வருகிறதா. சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கண் பரிசோதிப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், அவரிடம் இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. மொழி தடையாக இருந்தால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் நிற்க இடமிருக்காது, வார நாளில் போனால் நிதானமாகப் பார்ப்பார்கள். இன்னொன்று, ஒரு கண் எவ்வளவு பவர் கொடுத்தாலும் முழுத் தெளிவு வரவில்லை என்று அவர் சொன்னால் மனம் தளராதீர்கள். சிறு வயதில் தெளிவான படமே கிடைக்காத கண்ணை மூளை முழுதாகக் கற்றிருக்காது, அதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். அப்போதும் கண்ணாடி தரும் உதவி பெரிதுதான்.

இவை எதிலும் சேராத ஓர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்ணோரத்தில் மின்னல் வெட்டுவது, திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மழையாய் மிதப்பது, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுவது போல மறைவது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இந்த மூன்றில் எது வந்தாலும் வேலை முடியட்டும், ஞாயிறு வரட்டும் என்று பார்க்காமல் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் ஓரிடத்தில் "விடுதியில் எல்லாரும் கேலி செய்கிறார்கள், இத்தனை வயதில் கண்ணாடியா என்று" எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூர் இளையரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஆண்டுதோறும் கண் பரிசோதிப்பதால் ஏழெட்டு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. உங்களுக்கு யாரும் பரிசோதிக்கவில்லை, அவ்வளவுதான். கேலி செய்கிறவர்களை அடுத்த ஓய்வு நாளில் எதிர்ப் புளோக்கின் சுவரில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். படிக்க முடியாமல் கண்ணைச் சுருக்குகிறவர் ஒருவராவது இருப்பார். அவரையும் கூட்டிக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள்.